பெயர் பொறித்த தையற்கலைஞர் சார்லஸ் வொர்த்

கடையில் வாங்கும் சட்டையின் கழுத்துப் பட்டிக்கு உட்புறம் விரலளவு துணித்துண்டு ஒன்று வைத்துத் தைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதில் ஒரு பெயர் இருக்கும். உறுத்துகிறதே என்று அதனை வெட்டி எறிந்தோரும் உங்களுள் உண்டு. ஆடை செய்தவர் ஓவியரைப் போலத் தம் பெயரை ஆடைக்குள் பொறிக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்பார். அரசர், புலவர், அறிவியலறிஞர் வரலாறுகளைப் பலகால் படித்திருக்கும் உங்களுக்குத் துணியும் கத்தரியும் கொண்டு உயர்ந்த ஒருவரின் வரலாற்றைக் கூற விழைகின்றோம்.

வொர்த், இங்கிலாந்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த போர்ன் என்னும் சிற்றூரில் 1825ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் பிறந்தார். தந்தை வழக்குரைஞர். ஆகவே, பிறக்கும்போதே வறுமையில் பிறந்தவர் என்று கூறுவதற்கில்லை. வறுமை பின்னரே வந்தது. தந்தை கைப்பொருளையெல்லாம் இழந்து, 1836இல் குடும்பத்தையும் கைவிட்டுச் சென்றார். தாயார் உறவினர் இல்லத்தில் வீட்டு மேற்பார்வைப் பணி செய்து வயிறு கழுவ வேண்டியவரானார். பதினொரு வயதுச் சிறுவன் அச்சகம் ஒன்றில் வேலைக்கு விடப்பட்டான். முன்னாளில் நம் தோட்டங்களிலும் இவ்வயதில் படிப்பை விட்டுப் பால்மரக் காட்டுக்குச் சென்ற பிள்ளைகள் பலர் என்பதை உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டால் சொல்வர்.

அச்சு மையும் ஈய எழுத்தும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓராண்டு கழித்து இலண்டன் சென்று, பிக்காடில்லியிலிருந்த சுவான் அண்டு எட்கர் என்னும் பெரிய துணிக்கடையில் பயிற்சிச் சிறுவனாகச் சேர்ந்தான். ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கே கழிந்தன. அக்காலக் கடைச் சிறுவர்க்கு விடுமுறை அரிது. வேலை நேரமோ நெடிது. அவ்வேழாண்டுகளே வொர்த்துக்குக் கல்லூரியாயின என்பது நம் கருத்து. எந்தப் பட்டு மடித்தால் நிற்கும், எது தொய்யும், எந்தக் கம்பளித் துணி தோளில் அழகாக விழும் என்பதை ஆயிரமாயிரம் கசம் துணியை அளந்தும் விரித்தும் சுருட்டியும் அவர் விரல்கள் கற்றன. ஓய்வு கிடைத்த வேளைகளில் தேசிய ஓவியக் கூடத்திற்குச் சென்று, பழங்கால அரசியரின் உருவப் படங்களுக்கு முன் நின்று, அவர்தம் உடையின் கைப்பகுதியையும் மடிப்பையும் கூர்ந்து நோக்குவார். ஓவியம் காணக் கட்டணமில்லை. கடையில் கை கற்றது. ஓவியக் கூடத்தில் கண் கற்றது.

பயிற்சி முடிந்தபின், அரசி விக்டோரியாவுக்குப் பட்டு வழங்கிய வேறொரு கடையில் சிறிது காலம் பணியாற்றினார். ஆயினும் நாகரிக உடைகளுக்குத் தாயகம் பாரிஸ் நகரே என்பதை உணர்ந்து, இருபது வயதளவில் அங்குச் சென்றார். கையிலிருந்தது ஐந்து பவுன் பணம். பிரெஞ்சு மொழியோ ஒரு சொல்லும் அறியார். சில்லறை வேலைகள் பல செய்து, மொழியையும் தட்டுத் தடுமாறிக் கற்று, காஜ்லேன் என்னும் புகழ்பெற்ற பட்டுக்கடையில் விற்பனையாளராக அமர்ந்தார்.

அக்கடையில் சால்வைகளைத் தோளில் போட்டு நடந்து காட்டும் பணியில் மரி வெர்னே என்னும் நங்கை இருந்தார். சால்வையின் அழகு எடுபட வேண்டுமாயின் அதன்கீழ் உடுத்தும் உடை எளிமையாகவும் உடலுக்குப் பொருத்தமாகவும் இருத்தல் வேண்டும் என்று கருதிய வொர்த், அவருக்கென்று சில உடைகளை வெட்டித் தைப்பித்தார். வந்த சீமாட்டியரோ சால்வையை விட்டுவிட்டு, அவ்வுடையைத் தமக்கும் செய்து தருமாறு கேட்கலாயினர்! துணி விற்கும் கடையில் தையற்பிரிவா என்று முதலாளிகள் முதலில் தயங்கினர்; பின்னர் இசைந்தனர். அப்பிரிவில் உருவான உடைகள் 1851இல் இலண்டனிலும் 1855இல் பாரிசிலும் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிகளில் அக்கடைக்குப் பதக்கங்களை ஈட்டித் தந்தன. மரி வெர்னேயை வொர்த் 1851இல் மணந்துகொண்டார்.

1858ஆம் ஆண்டு, ஒட்டோ போபெர்க் என்னும் சுவீடன் நாட்டவரைக் கூட்டாளியாகக் கொண்டு, ரூ டெ லா பே என்னும் தெருவில் 7ஆம் எண் கட்டடத்தில் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதுகாறும் இருந்த வழக்கம் யாதெனில், சீமாட்டி ஒரு கடையில் துணி வாங்கித் தையற்காரியிடம் கொடுத்து, தாம் விரும்பியவாறு தைக்கச் சொல்வார். தையற்காரி சொன்னதைச் செய்வாள். வொர்த் இதனைத் தலைகீழாக்கினார். துணியும் அவரே தேர்ந்தார். வடிவமும் அவரே அமைத்தார். ஆயத்தமான மாதிரி உடைகளை இளநங்கையர் அணிந்து நடந்து காட்ட, வந்தோர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தனர். பின்னர் அது அவரவர் அளவுக்குத் தைக்கப்பட்டது. இரவு விருந்துக்குரிய உடையைப் பகலொளியில் பார்த்தால் நிறம் ஏமாற்றும் என்பதற்காக, பகலிலும் எரிவாயு விளக்கேற்றிய அறை ஒன்றை அமைத்திருந்தார். இவ்வறையை நாம் பெரிதும் வியக்கின்றோம்.

அரண்மனைக் கதவைத் திறந்தவர் அவர் மனைவியே. ஏறத்தாழ 1860இல், மரி உடைப் படங்கள் அடங்கிய ஏடு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆஸ்திரியத் தூதரின் துணைவியாரான பவுலின் மெட்டர்னிக் இளவரசியின் மாளிகைக்குச் சென்றார். ஆங்கிலேயன் ஒருவன் பாரிஸ் பெண்களுக்கு உடை தைப்பதா என்று இளவரசி முதலில் எள்ளினார். படங்களைக் கண்டதும் அவர் மனம் மாறிற்று. விலை 300 பிராங்குக்கு மேற்படலாகாது என்று கூறி இரண்டு உடைகளுக்குச் சொன்னார். அவற்றுள் ஒன்றை அணிந்து துய்லெரி அரண்மனை நடனத்திற்குச் சென்றபோது, பேரரசி யூஜெனி அதனை உற்று நோக்கி, செய்தவர் யாரென வினவினார். மறுநாட் காலையே வொர்த்துக்கு அழைப்பு வந்தது. அதன்பின் 300 பிராங்குக்கு வொர்த்தின் உடை கிடைத்ததில்லை என்று அவ்விளவரசி தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையாக எழுதியுள்ளார்.

பேரரசிக்கும் அவருக்கும் நிகழ்ந்த பிணக்கு ஒன்றைக் கூறுவர். லியோன் நகரத்துக் கனத்த பூவேலைப் பட்டில் வொர்த் ஓர் உடை செய்து கொடுத்தார். அது சன்னல் திரைபோல் இருக்கிறதெனப் பேரரசி அணிய மறுத்தார். அவ்வேளை அங்கு வந்த பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் வொர்த் முறையிட்டார்: பேரரசியார் உடுத்தினால் நாடே உடுத்தும், லியோன் நெசவாளர் பிழைப்பர். அந்நகரத்தார் தம் ஆட்சிமீது மனக்கசப்புற்றிருந்ததைப் பேரரசர் அறிவார். உடை அணியப்பட்டது. வொர்த்துக்கு இதில் வாணிக நோக்கமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஓர் உடை எத்தனை தறிகளை ஆட்டுவிக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நிறுவனத்தின் பெயரை உடையின் உள்ளே இடுப்புப் பட்டையில் பொன்னெழுத்தில் அச்சிட்டனர். பிற்காலத்தில் வொர்த்தின் கையொப்பமே பட்டையில் நெய்யப்பட்டது. அதனைக் கண்டு போலிப் பட்டைகளைத் தைத்து விற்றோரும் தோன்றினர். புகழோடு செருக்கும் வளர்ந்தது. பழங்கால ஓவியரைப் போல வெல்வெட்டுத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, சாய்ந்திருந்தபடியே சீமாட்டியருக்கு எது பொருந்தும் என்று தீர்ப்புக் கூறுவாராம். இதனை நாம் போற்றவில்லை. அவர் நிறுவனத்தில் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 1,200 பேர் பணியாற்றினர். நீண்ட தையல்களை இயந்திரத்திலும் நுண்ணிய வேலைகளைக் கையாலும் செய்த அப்பெண்களுள் ஒருத்தியின் பெயரும் எந்தப் பட்டையிலும் இடம்பெறவில்லை. எம் பிள்ளைகளின் அன்னையருள் பலர் இன்று தையல் ஆலைகளில் உழைப்பதால் இதனைக் கூறாமல் செல்ல எமக்கு மனம் வரவில்லை.

எஃகு வளையங்களால் விரிந்து நின்ற குடைப் பாவாடையைக் கண்டுபிடித்தவர் வொர்த் எனச் சிலர் எழுதுவது தவறு. அது அவருக்கு முன்பே வழக்கிலிருந்தது. அதன் முன்புறத்தைத் தட்டையாக்கி, விரிவைப் பின்புறம் தள்ளி, 1860களின் இறுதியில் அதனை மறையச் செய்ததில்தான் அவருக்குப் பங்குண்டு.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பேரரசு வீழ்ந்தது, யூஜெனி இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். பாரிஸ் முற்றுகையிடப்பட்ட நாள்களில் வொர்த்தின் நிறுவனம் காயமுற்றோருக்கான மருத்துவமனையாயிற்று. வாடிக்கையாளரும் இல்லை, அரசவையும் இல்லை. போபெர்க் கூட்டை முறித்துக்கொண்டார். வொர்த் தனித்து 1871இல் மீண்டும் கதவைத் திறந்தார். இம்முறை அவரைத் தாங்கியவர்கள் கப்பலேறி வந்த அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பெண்கள். அவர்கள் வாங்கிச் சென்ற உடைகள் பல, நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் இன்று பாதுகாக்கப்படுகின்றன.

1895ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், தம் 69ஆம் வயதில் வொர்த் மறைந்தார். பாரிசுக்கு அணித்தேயுள்ள சுரேன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். மைந்தர்களுள் காஸ்தோன் கணக்கையும் ழான் பிலிப் உடை வடிவமைப்பையும் ஏற்றனர். பெயரர்களும் தொடர்ந்து நடத்திய அந்நிறுவனத்தின் தையற்கூடம் 1950களில் மூடப்பட்டது. 1932இல் அந்நிறுவனம் வெளியிட்ட நறுமணநீர் மட்டும் அதன் பின்னரும் விற்பனையாகி வந்தது. அதற்கு அவர்கள் இட்டிருந்த பிரெஞ்சுப் பெயருக்கு, நான் திரும்பி வருகிறேன் என்பது பொருள்.