கறுப்பு வெள்ளையில் கதை சொன்ன பி. ரம்லி

கோலாலம்பூரில் ஜாலான் பி. ரம்லியை அறியாதவர் இல்லை. முன்பு பாரி சாலை என்று வழங்கிய அதற்கு 1982இல்தான் இந்தப் பெயர் வந்தது. 1990இல் டான் ஸ்ரீ விருதும் வந்தது. இரண்டையும் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1973 மே 29ஆம் தேதி, 44ஆவது வயதில், செத்தாப்பாக்கில் மாரடைப்பால் காலமானார். தியேட்டர்களில் அவர் படங்களுக்குக் கூட்டம் குறைந்துபோயிருந்த நேரம் அது.

நாட்டின் மிகப் பெரிய திரைக்கலைஞர் என்று இன்று எல்லா இனத்தவரும் போற்றும் ஒருவர், கடைசிக் காலத்தில் ஏன் அப்படி ஒதுக்கப்பட்டார்? பிரமாண்டம் பெரிதா, கதை பெரிதா என்று ஒவ்வொரு பெரிய படம் வரும்போதும் நாம் பேசிக்கொள்கிறோமே, அதற்கான பதிலும் அவர் வாழ்க்கையில் இருக்கிறது.

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர் ரம்லி. இயற்பெயர் தெயுக்கு சக்கரியா. தந்தை அச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. வசதியான குடும்பம் இல்லை. பையனுக்குப் பாட்டு என்றால் உயிர். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடுவதைக் கேட்ட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ அங்கே ஜாலான் அம்பாஸில் இருந்தது. பின்னணி பாடுவதும் எடுபிடி வேலையும்தான் ரம்லியின் தொடக்கம்.

அதே 1948இல்தான் தமிழ்நாட்டில் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' வெளிவந்தது. ராட்சத முரசுகளின் மேல் பெண்கள் ஆடும் காட்சியைக் கண்டு இந்தியாவே வாயைப் பிளந்தது. பிரமாண்டம் என்ற சொல்லுக்குத் தமிழ் சினிமா இலக்கணம் வகுத்த ஆண்டு அது.

ரம்லி போன பாதை வேறு. 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். அந்த வாய்ப்பைக் கொடுத்த இயக்குநர் எல். கிருஷ்ணன் ஒரு தமிழர். அன்றைய மலாய்ப் படவுலகில் இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்களே. கண்ணீரும் பாட்டும் கலந்து கதை சொல்லும் வித்தையை ரம்லி அவர்களிடம் பார்த்துப் பழகினார்.

1955இல் அவரே இயக்குநரானார். முதல் படம் 'பெனாரெக் பெச்சா'. பெச்சா மிதிக்கும் ஏழை இளைஞனும் பணக்கார வீட்டுப் பெண்ணும் காதலிக்கும் கதை. அரண்மனையோ போர்க்களமோ அதில் இல்லை. தெருவில் தினமும் பார்க்கிற மனிதனைத் திரையில் பார்த்த மக்கள் படத்தைக் கொண்டாடினார்கள்.

1956இல் பணி மஜும்தார் இயக்கிய 'ஹாங் துவா' வண்ணப் படத்தில் ரம்லிதான் நாயகன். வாள், அரசவை, வீரம் என்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதைத் தந்தது கறுப்பு வெள்ளைப் படமான 'அனாக்கு சசாலி'. செல்லம் கொடுத்தே மகனைக் கெடுத்த தந்தை, கடைசியில் தானே அவனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கிறார். தந்தை, மகன் இருவருமே ரம்லிதான். பல ஆண்டுகள் கழித்து சிவாஜியின் 'தங்கப் பதக்கம்' பார்த்துக் கலங்கிய நம்மவர்களுக்கு அந்தத் தந்தையின் வேதனை புதிதல்ல.

இன்னொரு சுவையான ஒப்பீடும் உண்டு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. எம்.ஜி.ஆரின் வாள்வீச்சும் வண்ணமும்தான் அதற்குப் பலம். அதே அலிபாபாவை ரம்லி 1961இல் எடுத்தார். வண்ணம் கிடையாது. 'புஜாங் லாப்போக்' படங்களின் மூவர் கூட்டணியை வைத்துக்கொண்டு கதையையே கேலிக்கூத்தாக மாற்றினார். அதே ஆண்டு வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்'கில் நடிகராக ஆசைப்பட்டு மூன்று பேர் ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். அது அவர் வேலை பார்த்த ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவேதான். சினிமாவின் பகட்டை சினிமாவிலேயே கிண்டல் செய்யும் துணிச்சல் அவரிடம் இருந்தது.

1964இல் மனைவி சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். வேலை உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில். 'பக்தி'யில் அவரை நாயகனாக்கிய எல். கிருஷ்ணன் அந்த ஸ்டூடியோவை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆனால் காலம் மாறியிருந்தது. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. இந்தோனேசியாவுடனான மோதலால் அங்குள்ள சந்தையும் கைவிட்டுப் போனது. பணம் குறைவு, நாளும் குறைவு. அவசரமாக எடுத்த சில படங்களில் கதையும் இளைத்துப்போனது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த நெருக்கடியிலும் 1968இல் 'கெரிமிஸ்' படத்தை எடுத்தார். மலாய் ஓவியன் ஒருவனும் லீலா என்ற இந்தியப் பெண்ணும் காதலிக்கிறார்கள். இரு வீட்டிலும் எதிர்ப்பு. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். மறு ஆண்டு மே மாதம் இந்தத் தலைநகரிலேயே இனக்கலவரம் வெடித்தது. அதை நினைத்துப் பார்த்தால், கோடி செலவில்லாமல் ஒரு கதை எவ்வளவு பெரிய விஷயத்தைத் தொட்டது என்பது புரியும்.

மக்கள் கண்ணோ வண்ணத்தின் பக்கம் போய்விட்டது. ஹாங்காங் சண்டைப் படம், இந்திப் படம், தமிழ்ப் படம் எல்லாம் வண்ணத்தில் வந்து குவிந்தன. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தியேட்டர்களில் வரிசை கட்டி நின்ற நம்மவர்களும், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படத்தைப் பாய் விரித்துப் பார்த்தவர்களும் அதே ரசிகர்கள்தாம். ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர் என்று பல நாடுகளில் எடுத்த எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' தமிழ்நாட்டில் வெளியானது 1973 மே 11. பதினெட்டு நாள் கழித்து ரம்லி கண்ணை மூடினார். தாம் இயக்கிய ஒரு படத்தையாவது வண்ணத்தில் எடுக்க அவருக்குக் கடைசிவரை கொடுத்து வைக்கவில்லை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'தான் அவர் இயக்கிய கடைசிப் படம்.

பிரமாண்டம் தப்பில்லை. முரசு நடனத்தால் 'சந்திரலேகா'வும் இன்றுவரை நிற்கிறது. ஆனால் புதிய வண்ணம் வந்ததும் பழைய வண்ணம் மங்கிவிடும். கதைக்கு அந்தக் கவலை இல்லை. ரம்லியைத் தோற்கடித்த வண்ணப் படங்களில் பலவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களோ பெருநாள் தோறும் தொலைக்காட்சியில் வருகின்றன. மலாய் சரளமாக வராத நம் பாட்டிமார்கூட அவற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவகம். மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடத்தில் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் இயங்குகிறது.

இந்தக் கதை நமக்கும் உரியது. சென்னையின் பெரும் படங்கள் ஓடும் அதே அரங்குகளில்தான் உள்ளூர்த் தமிழ்ப் படங்களும் இடம் தேடுகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் கதையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்டு, 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. அப்படிப்பட்ட படம் அடுத்து வரும்போது முதல் வாரத்திலேயே டிக்கெட் வாங்குவோம். ரம்லிக்குச் சாலையும் பட்டமும் கிடைத்தன. அவர் உயிரோடு இருந்தபோது தேவைப்பட்டது, நிறைந்த ஒரு தியேட்டர்.