ஆரியபட்டர்

வானியல் அறிஞர் ஆரியபட்டர் கி.பி. 476இல் பிறந்தார், தம் 23ஆம் வயதில் ஆரியபட்டீயம் என்னும் நூலை இயற்றினார். விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுவதற்குப் புவியின் சுழற்சியே காரணம் என்றார். ஓடும் படகில் இருப்பவருக்குக் கரை பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றுவதை உவமையாகக் காட்டினார். புவி ஒருமுறை சுழல ஏறத்தாழ 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகும் என்பது அவர்தம் கணக்கால் பெறப்படும். இன்றைய அளவும் அதுவே.

புவி சுழலுமாயின் பறவைகள் கூடு திரும்ப இயலாது என வராகமிகிரர் மறுத்தார். காற்றும் பறவையும் புவியோடு சேர்ந்தே சுழல்கின்றன என்பது பிற்கால விடை. கேரள அறிஞர்களாகிய பரமேசுவரரும் நீலகண்ட சோமயாஜியும் அந்நூலுக்கு உரை வகுத்தனர்.

1975இல் விண்ணேறிய இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் அவர் பெயரைத் தாங்கியது. கோண உந்தத்தால் பம்பரம் சாயாது சுழல்வதுபோல், அதுவும் தன் அச்சில் சுழன்றே திசை மாறாது நின்றது.