பருப்பு மஹத்தயாவும் எங்கள் காய்ச்சல்களும்

களு கங்கை பெருக்கெடுத்து வடிந்த பிறகுதான் இரத்தினபுரியில் வசிக்கும் எமக்கு இரண்டாவது பயம் ஆரம்பமாகும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் அதைக் கண்டோம். சேற்றை அள்ளி, தளபாடங்களை வெயிலில் போட்டு, கிணற்றை இறைத்து முடிப்பதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுவார். டெங்கா, எலிக்காய்ச்சலா என்ற கேள்வியோடு வைத்தியசாலை வரிசையில் நிற்போம்.

அப்படியான நாட்களில் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வரும். அவர் முஸ்லிம் அல்லர். மதத்தில் நம்பிக்கை வைத்தவரும் அல்லர். வைத்தியரும் அல்லர். ஆனாலும் இந்தச் சபரகமுவ மண்ணில் ஒரு கொள்ளைநோயின் போது மக்களோடு நின்றவர். கலாநிதி என்.எம். பெரேரா. அவரை நிதியமைச்சராகவும் இடதுசாரித் தலைவராகவும் அறிந்தவர்கள் பலர். கேகாலைக் கிராமங்களில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. பருப்பு மஹத்தயா.

நாணயக்காரபத்திரகே மார்ட்டின் பெரேரா 1905 ஜூன் 6 இல் கொழும்பில் பிறந்தார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹரல்ட் லாஸ்கியின் மாணவராகிக் கலாநிதிப் பட்டம் பெற்றார். இரண்டு உயர் பட்டங்களோடு நாடு திரும்பிய அந்த இளைஞர் நினைத்திருந்தால் வசதியான உத்தியோகம் ஒன்றில் அமர்ந்திருக்கலாம். அவர் சேர்ந்ததோ சூரியமல் இயக்கத்தில். நவம்பர் 11 இல் பிரித்தானியப் போர்வீரர்களுக்காகப் பொப்பி மலர் விற்ற காலம் அது. அதற்குப் பதிலாகச் சூரிய மலரை, அதாவது பூவரசம் பூவை விற்று, அந்தப் பணத்தை உள்நாட்டு ஏழைகளுக்குச் செலவிட வேண்டும் என்றது அந்த இயக்கம்.

1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வரட்சி ஏன் காய்ச்சலைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத் தோன்றும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு, வெயில் படும் தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். ஈரவலயத்து ஆறுகள் வழமையாகப் புரண்டு ஓடுவதால் நுளம்புக் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். அந்த வருடம் களனி கங்கையும், மாவனல்லை ஊடாக ஓடும் மஹா ஓயாவும் வற்றின. ஆற்று மணலிலும் பாறை இடுக்குகளிலும் குட்டை குட்டையாக நீர் நின்றது. அவை யாவும் நுளம்புப் பண்ணைகளாயின.

வரண்ட வலயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்தவர்கள். அவர்களது உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் பக்கத்து ஈரவலய மக்களில் பலருக்கு அது இருக்கவில்லை. அதற்கு மேல் உலகப் பொருளாதார மந்தம். இறப்பர் விலையும் தேங்காய் விலையும் விழுந்து, அடுப்பு எரியாத வீடுகள் பெருகியிருந்தன. ஒக்டோபர் கடைசியில் தொடங்கிய காய்ச்சல் டிசம்பரிலும் 1935 ஜனவரியிலும் உச்சத்தைத் தொட்டது. சுமார் 55 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றார்கள். சுமார் 80,000 பேர் இறந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று நுளம்பு பார்க்கவில்லை.

அரசாங்கம் குயினைன் கொடுத்தது. தற்காலிக வைத்தியசாலைகளும் திறக்கப்பட்டன. ஆனால் காய்ச்சலில் நடுங்கும் ஒருவரால் மைல் கணக்கில் நடந்து மருந்தகத்துக்கு எப்படி வர முடியும்? வந்து மருந்தை வாங்கினாலும், வெறும் வயிற்றில் குயினைன் என்ன செய்யும்? இந்த இடத்தில்தான் சூரியமல் தொண்டர்கள் நுழைந்தார்கள். வைத்தியர்களான எஸ்.ஏ. விக்கிரமசிங்க, மேரி ரட்ணம் ஆகியோரும் டொரீன் விக்கிரமசிங்க, பிலிப் குணவர்தன, என்.எம். போன்றோரும் அவர்களில் இருந்தார்கள். கிராமங்களுக்குள் போனவர்கள் கண்ட முதல் விடயம், நோயோடு பட்டினியும் சேர்ந்தே ஆட்களைக் கொல்கிறது என்பதுதான். மருந்தோடு உணவும் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சத்துக்காக மார்மைட்டை உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். பருப்பு பகிர்ந்தார்கள். 29 வயதில் லண்டன் கலாநிதி ஒருவர் காய்ச்சல் வீடுகளின் வாசலில் பருப்போடு நின்றதை மக்கள் மறக்கவில்லை. அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லத் தொகுதி என்.எம்மைத் தெரிவு செய்தது. அவிசாவளை பிலிப் குணவர்தனவை அனுப்பியது. இரண்டுமே நோய் மிதித்த பிரதேசங்களை ஒட்டியவை. அந்த வாக்குகளில் கொள்கையைவிட நன்றிக்கடன் கூடுதலாக இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

பிறகு அவரது வாழ்க்கை தோட்டத் தொழிலாளர் பக்கமும் திரும்பியது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தபோது, அரசாங்க சபையில் அதற்கு நீதி கேட்டவர்களில் அவர் முன்னின்றார். அதே வருடம் ஜூன் மாதம் பிரித்தானிய ஆட்சி அவரைச் சிறையிலடைத்தது. 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பி இந்தியாவுக்குப் போனார். 1943 இல் பம்பாயில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். 1948 இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை அவரும் அவரது கட்சியும் எதிர்த்து வாக்களித்தனர். 1954 இல் கொழும்பு மேயரானார். யட்டியாந்தோட்டை மக்கள் அவரைத் தொடர்ந்து பாராளுமன்றம் அனுப்பினார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்லவரின் கதையாக முடிந்துவிடும். ஆனால் அவரது பிற்காலத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

1964 இல் அவர் முதன்முறை நிதியமைச்சரானார். அதே வருடம் ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 தோட்டத் தமிழர்களை அவர்களிடம் கேட்காமலேயே இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்த அரசாங்கத்தில் அவர் ஓர் அமைச்சர். 1966 ஜனவரியில் தமிழ் மொழிப் பாவனைக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்தவர்களின் வரிசையில் அவரது கட்சியும் நின்றது. 1970 இல் மீண்டும் நிதியமைச்சரானார். எமது கலாநிதி பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராக இருந்த அதே அமைச்சரவை அது. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏற, பங்கீட்டு உணவு வெட்டப்பட்டது. கிராமத்தவருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயன் அறையில் வாழ்ந்தவருக்கு அதுவும் இல்லை. 1973, 1974 காலத்தில் தோட்டங்களில் பட்டினியும் வயிற்றோட்டமும் கைகோர்த்து வந்தன. சிறுவர்களும் முதியவர்களும் இறந்தார்கள். 1935 இல் பருப்போடு வந்தவர் அப்போது நிதியமைச்சின் கதிரையில் இருந்தார்.

இதை அவரைத் தூற்றுவதற்காக எழுதவில்லை. உலக விலைகளை அவர் தீர்மானிக்கவில்லை. ஆனால் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வாசலில் நின்று பார்த்தவனுக்குத் தெரிந்த பட்டினி, கோப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு, அவன் அதே மனிதனாக இருந்தாலும், தெரியாமல் போகலாம். நோயைத் தடுப்பவர்கள் வாசலை விட்டு அகலக் கூடாது.

அந்த ஆட்சிக்காலத்தில் நல்லதும் நடந்தது. மலேரியா நாட்களில் அவரோடு நின்ற அதே வைத்தியர் விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் தந்த அறிக்கையின் வழியே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. விலை குறைந்த தரமான மருந்து ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஒரு நிறுவனமாயிற்று. 1975 இல் என்.எம். அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1977 தேர்தலில் யட்டியாந்தோட்டையே அவரைத் தோற்கடித்தது. 1979 ஓகஸ்ட் 14 இல் காலமானார்.

மலேரியாவின் கதை அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. 1940 களின் நடுப்பகுதியில் வந்த டிடிடி அதை அடக்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே பதிவாகினர். வெற்றி என்று கண்காணிப்பைத் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது இலட்சக் கணக்கில் திரும்பி வந்தது. மீண்டும் பல பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு, 2016 செப்டம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் இல்லாத காலத்தில் செய்யும் வேலைதான் நோயைத் தடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி எமது விடயத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையைக் கூட விடவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமாகும் வரை எமது உள்ளங்கள் பட்ட பாடு அல்லாஹ்வுக்கே தெரியும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு ஜனாஸாக்களைத் திருப்பித் தராது. நோய்த் தடுப்புக் கோணத்தில் பார்த்தாலும் அது பெரும் தவறு. வைத்தியசாலைக்குப் போகவே எம்மவர்களில் பலர் அஞ்சினார்கள். அஞ்சுகின்ற மனிதர் நோயை மறைப்பார். மறைக்கப்பட்ட நோய் பரவும். 1935 இல் தொண்டர்கள் வாசலுக்கு வந்தபோது மக்கள் கதவைத் திறந்தார்கள். 2020 இல் கதவுகள் மூடிக்கொண்டன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நம்பிக்கை.

ஆனால் அந்த நியாயமான கோபத்தை வைத்துக்கொண்டு இன்று எமது கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முகம் சுளிப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். எல்லாம் கத்ர் என்று சொல்லிவிட்டுக் கூரைப் பீலியைத் துப்பரவு செய்யாதவர்களும் இருக்கிறார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து ஓடவும் வேண்டாம் என்பது எமது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. அம்வாஸ் கொள்ளைநோயின் போது உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குள் நுழையாமல் படையோடு திரும்பினார்கள். தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல.

இரத்தினபுரியில் எமது வேலை எங்கே இருக்கிறது என்பதும் தெளிவு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒரு தடவை, ஜும்ஆவுக்கு முன் அரை மணித்தியாலம், வீட்டையும் பள்ளிவாசல் வளவையும் பார்த்தால் சங்கிலி அறுந்துவிடும். பாவிக்காத ஹவ்ழ், பழைய டயர், பூச்சாடித் தட்டு, மையவாடியில் கிடக்கும் போத்தல் எதையும் விட வேண்டாம். 2017 இல் மட்டும் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பீடித்தது. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைத் தாமாக எடுக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

எலிக்காய்ச்சல் எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோல் காயத்தின் வழியே உடலுக்குள் நுழைகிறது. வயலில் இறங்குபவரும் மாணிக்கக்கல் குழியில் இறங்குபவரும் அதன் முதல் இலக்கு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகத் தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்படுகிறது. மாணிக்கக்கல் தொழிலில் எம்மவர் பலர் முதலாளிமாராக இருக்கிறார்கள். குழியில் இறங்குபவரோ பெரும்பாலும் ஏழைச் சிங்களவர் அல்லது தோட்டத்துத் தமிழர். அவருக்குப் பாதணி கொடுத்தோமா? மாத்திரை கிடைக்க வழி செய்தோமா? கல் எடுத்து முடிந்த குழியை மூடினோமா? மூடாத குழியில் நிற்கும் நீர் நுளம்புக்கு வீடு. அந்தத் தொழிலாளியின் காய்ச்சலுக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஜமாஅத்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வெள்ளம் வருமுன்னே, ஊரில் தனியே வாழும் முதியவர், கர்ப்பிணி, நோயாளி யார் யார் என்ற பட்டியல் ஒன்றைத் தயாரித்து வையுங்கள். அதில் பக்கத்துத் தோட்ட லயன்களையும் சேருங்கள். காய்ச்சல் வந்த வீட்டுக்கு மருந்துச் சீட்டோடு ஒரு வேளை உணவும் போகட்டும். 90 வருடங்களுக்கு முன் மதம் நம்பாத ஓர் இளைஞர் இந்த மாகாணத்தில் செய்த வேலையை, அயலவரின் பசியைப் பற்றி மறுமையில் கேட்கப்படுவோம் என்று நம்புகின்ற நாம் செய்யாமல் இருப்பது வெட்கம்.

அல்லாஹ் நம் எல்லோரையும், நம் அயலவர்களையும் நோய்களிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.