தேக்கு எண்ண வந்த மனிதர்

புத்தாண்டு மலரில் வழமையாகப் புலவர்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் வாசித்திருப்பீர்கள். இம்முறை நான் எழுதப்போவது காட்டோடு வாழ்ந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். ஜேர்மன்காரர், வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு வேலை செய்தவர். அவரால் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். வன்னியில் ஒரு முதிரை தறிக்க ஏன் அனுமதி எடுக்கவேணும்? தேக்கந்தோட்டத்துக்குள்ளே ஏன் குருவிச் சத்தம் குறைவு? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் வழியில் இவரைக் காண்பீர்கள்.

பிராண்டிஸ் 1824 மார்ச் 31இல் ஜேர்மனியின் பொன் நகரில் பிறந்தார். தகப்பனார் தத்துவப் பேராசிரியர். கிரேக்க மன்னருக்கு ஆலோசகராக அவர் போனதால், பிராண்டிஸின் பிள்ளைப் பருவத்தில் கொஞ்சக் காலம் ஏதென்ஸில் கழிந்தது. பிறகு கோப்பன்ஹேகன், கோட்டிங்கன், பொன் பல்கலைக்கழகங்களில் படித்து, 1849 முதல் பொன்னிலேயே தாவரவியல் கற்பித்தார். ஒன்றைக் கவனியுங்கோ: அவர் காட்டு அதிகாரியாகப் பயிற்சி பெற்றவர் அல்ல. செடி கொடிகளைப் படித்தவர்.

அவர் மணந்த ராகேல், வங்காளத்து செராம்பூரில் பாதிரியாராக இருந்த மார்ஷ்மனின் மகள். அந்த உறவுக்காரர் வழியாகத்தான் இவர் பெயர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்குப் போனது. 1852இல் நடந்த போரில் பர்மாவின் பெகு மாகாணத்தை ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். அங்கே தேக்கு நிறைய. கப்பல் கட்டத் தேக்கு வேணும். வியாபாரிகளோ இருந்த மரத்தை எல்லாம் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது என்ற பயத்தில், 1856இல் பெகுக் காடுகளைப் பார்க்கும் பொறுப்பை டல்ஹௌசி இவரிடம் கொடுத்தார். அப்போது வயது 31.

காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பிராண்டிஸ் யானை மேல் ஏறினார். மழையிலும் பற்றையிலும் கொப்பி பென்சில் சரிவராது. ஒரு கையில் மூங்கில் குச்சிகள், மற்றக் கையில் பேனாக்கத்தி. தேக்குகளைப் பருமன்படி நாலு வகையாகப் பிரித்து, கண்ட மரத்துக்கெல்லாம் அந்தந்த வகைக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. மலேரியாக் காய்ச்சல் அடிக்கும் காட்டில் மாதக் கணக்காக இப்படித் திரிந்தார். போன பாதையின் இரு பக்கமும் எண்ணி, அதை வைத்து முழுக் காட்டையும் கணக்கிட்டார்.

அந்தக் கணக்கிலிருந்து அவர் போட்ட விதி எங்கள் ஊர் வட்டிக் கணக்குப் போல. முதலைத் தொடாதே, வட்டியை மட்டும் எடு. வருடத்துக்கு எத்தனை மரம் முற்றுகிறதோ அத்தனையைத்தான் வெட்டலாம். தெரிந்தெடுத்த தேக்கின் அடியைச் சுற்றி வளையமாகப் பட்டையும் வெளிமரமும் வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று வருடத்தில் காய்ந்துவிடும். பச்சைத் தேக்கு தண்ணீரில் தாழும், காய்ந்தது மிதக்கும். பிறகு தறித்து, யானையால் இழுத்து, ஆற்றில் விடுவார்கள்.

இந்த முறையால் காட்டுக்கு என்ன நடந்தது? பர்மாக் காடு தனித் தேக்கங்காடு அல்ல. அங்கே தேக்கு சிறு பங்குதான். மற்ற மரங்களும் மூங்கிலும் கொடியும் கலந்து நிற்கும். முற்றிய தேக்கை மட்டும் அங்கொன்று இங்கொன்றாக எடுத்தபடியால் காடு காடாகவே நின்றது. குரங்குக்குப் பழமும் மரங்கொத்திக்குப் பொந்தும் மிஞ்சின. ஆனால் மறுபக்கமும் உண்டு. தேக்குக்கு இடைஞ்சல் என்று கண்ட மரத்தையும் கொடியையும் வெட்டினார்கள். பணம் தரும் மரம் ஒன்று, மற்றதெல்லாம் பற்றை என்ற எண்ணம் அங்கே வேர் விட்டது.

இன்னொரு முறைக்கும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. மலையில் வாழும் கரேன் சனம் காடு வெட்டி எரித்து நெல் விதைப்பார்கள். எங்கட சேனைப் பயிர் போலத்தான், அதைத் தௌங்யா என்பார்கள். பிராண்டிஸ் அவர்களோடு பகைக்காமல், நெல்லோடு தேக்கையும் நடப் பண்ணிக் கூலி கொடுத்தார். சனம் அடுத்த இடத்துக்குப் போன பின் அங்கே தேக்கு வளரும். இந்த முறை உலகமெங்கும் பரவி இலங்கைக்கும் வந்தது. வறண்ட வலயத்துச் சேனைக்காரர்களைக் கொண்டே தேக்கு நட்டார்கள். கூலி கிடைத்தது, மரமும் வளர்ந்தது. ஆனால் பல மரம் நின்ற இடத்தில் ஒரே மரம், ஒரே வயதில்.

1864இல் அவர் இந்தியா முழுமைக்கும் முதலாவது காட்டு இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். 1878இல் டேராடூனில் காட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். சட்டங்களும் வந்தன, முதலில் 1865இல், பிறகு கடுமையாக 1878இல். அந்த இரண்டாவது சட்டம் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. காடெல்லாம் அரசாங்கத்துக்கே என்று ஒரு பகுதியார் நின்றார்கள். சனத்தின் பழைய உரிமையைத் தொடக்கூடாது என்று மெட்ராஸ் அரசாங்கத்தில் இருந்தவர்கள் வாதாடினார்கள். பிராண்டிஸ் நடுவில் நின்றார். முக்கியமான காடு அரசாங்கத்திடம் இருக்கட்டும், ஒவ்வொரு கிராமத்துக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தனிக் காடு இருக்கவேணும் என்பது அவர் கருத்து. சட்டத்தில் கிராமக் காடு என்ற சொல் ஏறியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 1881இல் அவர் மெட்ராஸ் மாகாணத்துக்குப் போனார். 1882இல் அங்கேயும் காட்டுச் சட்டம் வந்தது.

எங்கட பக்கமும் அதே காலம்தான். இந்தியக் காட்டு அதிகாரி வின்சென்ட் இலங்கைக் காடுகளைப் பார்த்து அறிக்கை எழுத, 1885இல் காட்டுச் சட்டம் வந்தது. அதற்குப் பின் வந்த 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. காட்டைக் காப்பாற்ற அப்படி ஒரு சட்டம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சட்டமில்லாத இடத்தில் முதிரையும் கருங்காலியும் எப்படிப் போகும் என்று வன்னிச் சனத்துக்குத் தெரியும். ஆனால் போருக்குப் பிறகு ஊர் திரும்பிய எத்தனையோ குடும்பம், தகப்பன் பாட்டன் உழுத காணி எல்லைக்கல்லுக்குள்ளே காடாகக் கிடந்ததைக் கண்டது. கிராமத்துக்கும் ஒரு பங்கு வேணும் என்று பிராண்டிஸ் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த வழக்குகளில் பாதி வந்திராது என்று நினைக்கிறேன்.

ஜேர்மனியிலும் வடநாடுகளிலும் என்ன நடந்தது என்றும் பார்ப்போம். எங்கட தொழிற்சாலையில் சாமான் அடுக்கும் பெதானா எல்லாம் பைனும் ஸ்புரூசும்தான். கலப்புக் காட்டை அழித்து, கெதியாக வளரும் ஸ்புரூசை வரிசையாக நட்டு, ஒரே நேரத்தில் மொட்டையாக வெட்டுவது அங்கே பெரிய முறையானது. கணக்குச் சரியாக வந்தது. 2018இல் தொடங்கிய வறட்சியோடு பட்டை வண்டு வந்தது. மூன்று வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஜேர்மனியில் ஏறக்குறைய 5 லட்சம் ஹெக்டேர் மரம் போய்விட்டது. பின்லாந்தில் காட்டு உயிர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், செத்து உக்கும் மரத்தை நம்பி வாழ்பவை. துப்புரவு என்று பட்ட மரத்தை எல்லாம் அகற்றினால் அந்தப் பூச்சியும் காளானும் எங்கே போகும்?

இனி, பிராண்டிஸின் கடைசிக் காலம். 1883இல் ஐரோப்பா திரும்பினார். இந்தியாவுக்குப் போகும் இளைஞர்களைக் காடுகளுக்குக் கூட்டிச் சென்று படிப்பித்தார். பின்னாளில் அமெரிக்கக் காட்டுச் சேவையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்ஷோவும் அவரிடம் வழி கேட்டவர்தான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. எழுபது வயதுக்கு மேல், ஓய்வூதியத்தில் சும்மா இருக்கலாம் என்ற வயதில், அவர் ஒரு புத்தகம் தொடங்கினார். இலண்டன் கியூ தோட்டத்தில் இருந்து காய்ந்த இலைகளைப் பார்த்துப் பார்த்து, இந்திய மரங்கள் என்ற அந்தப் புத்தகத்தை 1906இல் முடித்தார். மரம், செடி, கொடி, மூங்கில், பனை இனம் என்று சுமார் 4,400 வகை அதில் இருக்கிறது. தேக்கு அதில் ஒன்று மட்டுமே. அடுத்த வருடம், 1907 மே மாதம், பொன்னில் காலமானார்.

ஒரு மரத்தை எண்ணத் தொடங்கியவர், எல்லா மரத்தையும் எண்ணி முடித்தார். அவர் பின்னால் வந்த திணைக்களங்கள் பல, அவரது முதல் கணக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கணக்கை விட்டுவிட்டன.

இங்கே பலேர்மோவிலும் அந்த வித்தியாசத்தைக் காணலாம். சந்தா ரொசாலியாவிடம் நேர்த்திக்கு ஏறும் மொந்தே பெல்லெக்ரினோவில் நிற்பவற்றில் நிறைய, போன நூற்றாண்டில் நட்ட பைனும் யூக்கலிப்டசும். பிசினும் எண்ணெயும் உள்ள மரம், தீ பிடித்தால் நிற்காது. 2023 யூலையில் நகரைச் சுற்றிய மலைகள் எரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கோர்லியோனே பக்கத்து ஃபிக்குட்சாவுக்குப் போனால் பழைய ஓக் காடு நிற்கிறது. அங்கே உள்ள தக்கை ஓக்கைத் தீ தடவினாலும் தடித்த பட்டை காப்பாற்றும், திரும்பத் தளிர்க்கும். மதோனியே மலையின் சொந்த மரமான நெப்ரோடி ஃபிர்ரோ, காடு அழிந்ததால் இயற்கையாக முதிர்ந்து நிற்பது ஏறக்குறைய 30 மரம்தான்.

ஊரில் மரம் நட எங்கட சங்கங்கள் காசு அனுப்புகின்றன. நல்ல காரியம். ஒரு வேண்டுகோள் மட்டும். காசு தரும் மரம் என்று தேக்கை மாத்திரம் நடாமல் பாலை, வீரை, முதிரை, நாவல், விளாத்தி எல்லாம் கலந்து நடச் சொல்லுங்கோ. பாலைப்பழக் காலத்தில் சனமும் தின்னும், கரடியும் தின்னும், குருவியும் தின்னும். பட்டுப்போன மரம் ஒன்றிரண்டை அப்படியே நிற்க விடச் சொல்லுங்கோ, மரங்கொத்திக்கும் வீடு வேணும். நட்ட இடம் யாருடையது, பராமரிப்பது யார் என்பதை அந்தக் கிராமத்துச் சனமே தீர்மானிக்கட்டும்.