கரும்பின் கணக்கை எண்ணிய ஜானகி அம்மாள்

நம் சாகண் வழியே நாசிக் செல்லும் பெருவழியில், ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைக் காணாதார் நம்மில் எவருமிலர். மகாராஷ்டிர உழவர் பெரிதும் பயிரிடும் கோ 86032 என்னும் கரும்பின் பெயரிலுள்ள ‘கோ’ என்ற எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கிறது. நம்மைப் போலவே அதுவும் தமிழகத்திலிருந்து இங்கு வந்து வேரூன்றியதுதான்! அக்கோயம்புத்தூர்க் கரும்பின் உள்ளணுவைக் கண்ணாடியில் கண்டு எண்ணிய பெண்மணியின் வரலாறு நம் பிள்ளைகள் அறியத்தக்கது.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். எனினும் அக்கால ஜாதி வரிசையில் தாழ்வாக எண்ணப்பட்ட தீயர் சமூகத்தினர். சென்னையில் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அம்மையார், பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஆற்றினார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாயிருந்த அந்நாளில் உதவிச் சம்பளம் பெற்றுக் கடல் கடந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் தாவரவியல் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். 1912-இல் தோன்றிய அந்நிலையத்தில், பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் இனிப்பு மிக்க தோட்டக் கரும்பையும், மெலிந்ததாயினும் வறட்சியைத் தாங்கும் காட்டுக் கரும்பையும் கலந்து புதுவகை கண்டிருந்தனர். அவ்வுயிர்களின் உள்ளே நிகழ்ந்தது என்ன என்பதே அம்மையாரின் கேள்வி.

ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் உண்டு. மரபுச் செய்தியாகிய ஜீன்கள் அவற்றில்தான் அடங்கியுள்ளன. தோட்டக் கரும்புக்கு அவை 80. கோவைக் காட்டுக் கரும்புக்கு 64. தாயும் தந்தையும் பாதி பாதி கொடுப்பது இயற்கையின் வழக்கமாதலால், பிறக்கும் கன்றுக்கு 72 இருத்தல் வேண்டும். இருந்ததோ 112! தாய்க்கரும்பு பாதியைக் கொடாமல் தன் முழுச் சொத்தையும் கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் பிரெமர் என்னும் டச்சு அறிஞர் முன்னரே கண்ட இவ்வியப்பின் பின்னணியில், அம்மையார் பல வட்டாரக் காட்டுக் கரும்புகளை எண்ணினார். ஒரே இனத்துக்குள்ளும் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவது தெரிந்தது. கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார்.

இரட்டிப்பதால் பயன் யாது? நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில், கார்பன் தாள் வைத்து ஒவ்வொரு சீட்டுக்கும் நகல் எடுப்போம். மூலம் பத்திரமாயிருக்க, நகலில் எதைக் கிறுக்கினாலும் கணக்குக் கெடாது. ஜீனும் அவ்வாறே. ஒரு பிரதி பழைய வேலையைச் செய்ய, மறுபிரதி மாறுவதற்கு விடுதலை பெறுகிறது. பெரும்பாலான பிரதிகள் பழுதாகி ஒழியும். சில புதுத்தொழில் கற்கும். கருவிலுள்ள குழவியின் இரத்தத்திலும் பிறந்தபின் ஓடும் இரத்தத்திலும் உள்ள ஹீமோகுளோபின்கள் வெவ்வேறானவை. அவ்வேறுபாட்டுக்குரிய ஜீன்கள் பழைய ஜீன் ஒன்றின் நகல்களே. ஜப்பானியரான சுசுமு ஓனோ 1970-இல் இக்கருத்தை ஒரு நூலாகவே விரித்தார். 2024-இல் வெளியான ஆலைக்கரும்பு வகையொன்றின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 1000 கோடி எழுத்துகள். மனிதனுக்கோ 300 கோடியே. கரும்பின் எழுத்துகளில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் ஒரே தொடர்கள். கரும்பு நம்மினும் அறிவுடையதென்று எவரும் அஞ்ச வேண்டா!

ஆடவரே நிறைந்த ஆராய்ச்சி உலகில் தனித்த பெண்ணுக்குச் சங்கடங்கள் குறைவல்ல. 1939-இல் எடின்பரோ மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூளவே இங்கிலாந்தில் தங்கிவிட்டார். குண்டுகள் விழுந்த ஆண்டுகளில் உழைத்து, டார்லிங்டன் என்பாருடன் பயிர்களின் குரோமோசோம் கணக்கு நூலை 1945-இல் வெளியிட்டார். பின்னர் விஸ்லித் தோட்டத்தில் கொல்சிசின் என்னும் மருந்தை மக்னோலியாக் கன்றுகளுக்கு இட்டார். அம்மருந்து, இழைகள் இரட்டித்தபின் அணு இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். அதனால் இழைகள் இருமடங்காகிவிடும். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா இன்றும் உண்டு.

நேருவின் அழைப்பை ஏற்று 1950-களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் நம் மாநிலத்து டிராம்பேயிலும் சிறிது காலம் இருந்தார். 1970 முதல் சென்னைக்கு அருகே மதுரவாயலில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை வளர்த்து வாழ்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

எண்பது வயதைக் கடந்த பின்னரும் ஓய்ந்தாரில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைநீர் மூழ்கடிக்கும் எனக் கண்டு எதிர்த்தார். அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவதில் ஈடுபட்டார். புதிய பயிர்களைப் படைத்த கை, இறுதியில் பழைய காட்டைக் காக்க எழுந்தது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில் அவர் காலமானார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில்.