யாழ். நூலகத்துக்கு ஆலோசனை சொன்ன கணித ஆசிரியர்

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் 1981 மே 31 இரவும், எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. 1950களின் தொடக்கத்தில் அந்நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை வழங்கிய எஸ்.ஆர். இரங்கநாதனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1892இல் சீர்காழியில் பிறந்த இவர் கணிதம் படித்தவர். மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அந்த வேலையின் தனிமை பிடிக்காமல் சில நாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விரும்பினார். ஆனால் பயிற்சிக்காக இலண்டன் சென்றதும் மனம் மாறியது.

அக்காலத்து வகைப்படுத்தல் முறைகள் பாடங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்திருந்தன. புதிய பாடம் ஒன்று தோன்றினால் அதற்கு இடமிருக்காது. இலண்டன் கடையொன்றில் சில துண்டுகளைப் பலவாறு பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்யும் மெக்கானோ பெட்டியைப் பார்த்தபோது அவருக்கு வழி தெரிந்தது. ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் குறியீடுகளால் இணைத்தால் போதும். எந்த உறுப்பு, என்ன நோய், என்ன சிகிச்சை, எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்டுக்கொண்டே போனால், காசநோய் பற்றிய ஓர் ஆய்வுக்கு உரிய இடம் தானே அமைந்துவிடும். இந்தக் கோலன் பகுப்புமுறை 1933இல் நூலாக வந்தது.

கொள்ளுப்பிட்டி அலுவலகங்களில் மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஏ.பி.எல். போன்ற அணி நிரல்மொழிகளின் பிற்கால வடிவங்களில்கூட, ஒரு வகுப்பிலோ பொருளிலோ என்னென்ன உறுப்புகள் உள்ளன என்று கேட்டால் பெயர்ப்பட்டியல் வந்துவிடும். ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது, அதன் கூறுகள் எவை என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி.

பட்டியல் வாசகருக்காகவே என்பதில் இரங்கநாதன் உறுதியாக இருந்தார். நூல்கள் பயன்பாட்டுக்கே, வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்பவை 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் அடங்கும். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1972இல் பெங்களூரில் காலமானார். யாழ். நூலகம் எரிந்ததைக் காண அவர் இருக்கவில்லை.

நூல் இருக்கும்போது அதைத் தேடி எடுக்கப் பட்டியல் உதவுகிறது. நூல் அழிந்தபின், அப்படியொன்று இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பெயர் பதியப்படாமல் எரிந்த ஓர் ஏட்டை, இழந்தோம் என்றுகூட நாம் சொல்ல முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை ஆசிரியர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் நம்மவர்கள் பதிந்துவருவது அதனால்தான். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய மலர் ஒன்றின் பெயரும் அங்கே சேரவேண்டியதுதான்.