குறிஞ்சிக்கு ஓவியம் தந்த மருத்துவர்

நீர்வேலியிற் செம்மண் உண்டு, வாழைத் தோட்டம் உண்டு, மலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் அவ்வாறே. ஆயினும், ஐந்திணைகளுள் ஒன்றாகிய குறிஞ்சியை இங்குள்ள வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகின்றோம். மாணாக்கன் ஒருவன் எழுந்து, குறிஞ்சிப்பூவுக்கு எத்தனை இதழ் என்று வினவினால், விடை கூற வல்லார் எம்முள் மிகச் சிலரே. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்னார். பெயர்களைப் பொருந்தக் கற்றோம், பூக்களைக் கண்டோமில்லை. இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முன்னிற்பவர், ஸ்கொத்லாந்திலிருந்து வந்த படை மருத்துவர் றொபேட் வைற்.

வைற் 1796ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் எடின்பரோ நகரிற் சட்டத்தொழில் புரிந்தவர். மைந்தர் மருத்துவம் பயின்று 1818இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். நோயாளரைக் கவனித்து எஞ்சிய பொழுதெல்லாம் செடிகொடிகளைத் தேடுவதிலேயே கழிந்தது. 1826இற் சென்னை அரசின் இயற்கை ஆராய்ச்சியாளர் பதவி அவரை வந்தடைந்தது. இரண்டே ஆண்டில் அரசு அப்பதவியை ஒழித்தது. வைற் மீண்டும் படை மருத்துவராகி, எமது கடலின் மறுகரையிலுள்ள நாகபட்டினத்துக்குச் சென்றார்.

பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. நாகபட்டினத்திலிருந்து செடிகளையும் அவற்றின் ஓவியங்களையும் கிளாஸ்கோவிலிருந்த பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பி வந்தார். 1831இல் விடுமுறையில் தாயகம் சென்றபோது உடன்கொண்டுபோன உலர்செடிகளின் நிறை ஏறக்குறைய இரண்டு தொன். அங்கே வோக்கர் ஆர்னொட் என்னும் அறிஞருடன் கூடித் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய பெருநூலொன்றை எழுதத் தொடங்கினார். முதற் பாகம் 1834இல் வெளிவந்தது. அடுத்த பாகம் வரவேயில்லை.

அந்நூல் சொல்லால் மட்டும் ஆயது. நூலகமும் உலர்செடித் தொகுதியும் இல்லாத ஊரில் வாழ்பவன், சொல்லை மட்டும் துணைக்கொண்டு செடியை இனங்காணுதல் அரிது. ஆதலின், இந்தியா திரும்பிய வைற் படத்தையே முதன்மையாகக் கொண்டார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்த அவருடைய இந்தியத் தாவரப் படநூலில் 2101 படங்கள் உள. கிளையும் இலையும் பூவும் இயல்பான தோற்றத்தில் நிற்க, பூவின் உறுப்புக்கள் தனித்தனியே பிரித்துப் பெரிதாக்கிக் காட்டப்பட்டன. ஓவியன் தாளில் வரைந்த கோடு கல்லச்சில் ஏறியது. பல பிரதிகளாகி, செடியைக் காணாதார் கையையும் அடைந்தது.

அந்நூலிற் குறிஞ்சியும் இடம்பெற்றது. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உயர்ந்த புல்வெளிகளிற் பெரும்பாலும் முழங்காலளவாய் வளரும் புதர்ச்செடி அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிவெல்லாம் நீலமாகும்படி ஒருங்கே பூக்கும். விதை முதிர்ந்ததும் செடி மடியும். ஜெர்மானிய அறிஞர் நீஸ் 1832இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இக்காலத்தில் அது ஸ்ற்றோபிலாந்தஸ் குந்தியானா எனப்படும். 2006இலும் 2018இலும் பூத்தது. இனி 2030இல் எதிர்பார்க்கப்படுகின்றது. இத்தகைய செடிக்கு ஓவியத்தின் அருமை மிகப் பெரிது. ஒரு பருவத்தைத் தவறவிட்டவன் மறுபடி காணப் பன்னிரண்டாண்டு காத்திருத்தல் வேண்டும். படமோ எந்நாளும் பூத்திருக்கும்.

அப்படங்களை வரைந்த கைகள் எவருடையவை? முதலில் இரங்கையா, 1845ஐ ஒட்டி அவருக்குப் பின் கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர் வைற்றுக்காக வரைந்தனர். வைற் அவர்கள் பெயரை மறைத்தாரல்லர். ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்வந்த அறிஞர் அவ்வினத்தை வேறோர் இனத்துள் அடக்கியதால் அப்பெயர் வழக்கொழிந்தது. வைற்றின் வாழ்வு விரிவாகப் பதிவாயிற்று. ஓவியரைப் பற்றி எஞ்சிய செய்தி மிகச் சிறிது. 2007இல் எடின்பரோ அரச தாவரத் தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ற்றி வெளியிட்ட ஆய்வுநூலின் தலைப்பிலேதான் மூவர் பெயரும் ஒருங்கே நின்றன.

1842 முதற் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் சோதனைப் பண்ணைகளை வைற் நடத்தினார். அம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயின், நீலகிரி அருகிலிருந்தமை தாவர ஆராய்ச்சிக்குப் பேருதவியாயிற்று. 1845இற் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோர்ஜ் காட்னர் இலங்கையிலிருந்து சென்று அவருடன் அம்மலையில் ஆராய்ந்தார். 1853இற் படநூலை முடித்து ஓய்வு பெற்ற வைற், இங்கிலாந்தில் றெடிங் நகருக்கு அண்மையில் வாழ்ந்து 1872இல் மறைந்தார்.

அரசு விரும்பிய பருத்தி நிலைக்கவில்லை. பதவி ஒழிந்தபோதும் அவர் விடாது பற்றிய தொழிலே நிலைத்தது. இனி, வகுப்பில் அம்மாணாக்கன் வினவினால், குறிஞ்சிப்பூவின் இதழ்கள் ஒன்றாய் இணைந்து மணிபோல் அமைந்து, விளிம்பில் ஐந்து மடலாய் விரியும் என்று கூறுவோம். வைற்றின் பெயரோடு இரங்கையா, கோவிந்து என்னும் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவோம்.